சாரலுக்கு முன்னால் சாய்ப்பு போடப் போய்: ரோட்டரி ஹாமர் வாங்குகிறவர்களுக்கு

செங்கோட்டையில் ஆனி பிறந்துவிட்டால் மேற்கே பார்த்த திண்ணையில் யாரும் உட்கார முடியாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரலை நேராக வாசலுக்குள் கொண்டுவந்து கொட்டும். அதற்காகத்தான் வைகாசிக் கடைசியில் தகரச் சாய்ப்பு போட நினைத்தேன். வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் சட்டம் அடித்து வந்துவிட்டது, சுவரில் மாட்ட நான்கு பிளேட், பிளேட்டுக்கு இரண்டாக எட்டு போல்ட். மாட்டத்தான் ஆள் இல்லை. எங்கள் பக்கத்துக் கொத்தனார்களும் எலக்ட்ரீசியன்களும் கூலி கூடுதல் என்று புனலூர், கொல்லம் பக்கம் போய்விடுகிறார்கள். ஒருவர் 2,500 ரூபாய் கேட்டார், அடுத்த வாரம் வருகிறேன் என்றார். எட்டு ஓட்டைக்கு இவ்வளவா என்று நினைத்து, தென்காசியில் சுவரைத் துளைக்கிற ஒரு ரோட்டரி ஹாமர் மெஷினை வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினேன். மெஷின், அதன் நுனியில் மாட்டித் துளைக்கிற பிட், எக்ஸ்டென்ஷன் ஒயர் எல்லாம் சேர்த்து 7,900 ரூபாய். உடைத்த ஒயரிங்கைச் சரிசெய்ய 2,600. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து என்று 5,400. ஆறு வாரம் வலது கையால் பைக் ஓட்டவோ பேனா பிடிக்கவோ முடியவில்லை. இதில் ஒரு பைசாகூடச் செலவாகியிருக்க வேண்டியதில்லை, யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் மெஷினைப் பற்றி. கடையில் இரண்டையும் ஹாமர் டிரில் என்றே சொல்லித் தருவார்கள், ஆனால் உள்ளே இரண்டும் வேறு வேறு. சாதாரண இம்பாக்ட் டிரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசித் துள்ளும். அடி நிறைய விழும், ஒவ்வொரு அடியிலும் வலு குறைவு. நாம் அழுத்த அழுத்தத்தான் அது வேலை செய்யும். ரோட்டரி ஹாமரில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புச் சுத்தியலைத் தள்ளி, அது பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கிறது. வீட்டு வேலைக்கு வாங்குகிற 26 மி.மீ வகை மெஷின் சுமார் 800 வாட் இருக்கும். ஓர் அடியின் வலு இரண்டரை, மூன்று ஜூல் அளவில், நிமிடத்துக்கு 4,000 அடி போல விழும். அடியை மெஷினே அடிப்பதால் உடம்பு எடையைப் போட்டுத் தள்ளக் கூடாது. பிட் சுவரில் துள்ளாமல் நிற்கிற அளவுக்கு மட்டும் அழுத்தம் போதும். அதற்கு மேல் தள்ளினால் வேகம் கூடாது, குறையும். பிட்டும் சூடாகும். நான் முதல் நாள் முழுக்கத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பிட் பூட்டுவது எளிது, ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். எஸ்டிஎஸ் பிளஸ் என்ற இந்த வகைப் பிட்டின் அடித்தண்டு 10 மி.மீ தடிமன், அதில் நான்கு பள்ளம் இருக்கும். கடைசிவரை திறந்திருக்கும் இரண்டு பள்ளம் பிட்டைச் சுழற்றுவதற்கு, இரு பக்கமும் மூடிய இரண்டு பள்ளம் உள்ளே இருக்கும் குண்டு பிடித்துக்கொள்வதற்கு. பெரிய உடைப்பு மெஷினுக்கு வருகிற எஸ்டிஎஸ் மேக்ஸ் தண்டு 18 மி.மீ, அது இதில் ஏறாது. பிளக்கை உருவிவிட்டு, அடித்தண்டைத் துணியால் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி, சக்கின் (மெஷினில் பிட்டைப் பிடிக்கும் வாய்) காலரைப் பின்னுக்கு இழுத்துப் பிட்டைச் சுழற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும். பூட்டியபின் ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் போல முன்னும் பின்னும் ஆடும், அது பழுதில்லை, அடி விழுவதற்கான இடம். கிரீஸ் இல்லாமல் சிமெண்ட் தூசியோடு செருகினால் சக் சீக்கிரம் தேய்ந்துபோகும். பக்கத்தில் இருக்கும் திருகியில் மூன்று நிலை: டிரில் படம் மட்டும் இருந்தால் வெறும் சுழற்சி, டிரில்லும் சுத்தியலும் சேர்ந்திருந்தால் சுழற்சியோடு அடி, சுத்தியல் மட்டும் என்றால் உளி வேலை. மெஷின் முழுதாக நின்ற பிறகுதான் இதைத் திருப்ப வேண்டும். மரத்துக்கும் இரும்புக்கும் சாதாரணப் பிட் போட அடாப்டரோடு ஒரு சாவி சக் தருவார்கள், அதைப் பூட்டியிருக்கும்போது அடியை மறந்தும் போடாதீர்கள்.

முதல் நாள் செங்கல் சுவரில் நான்கு ஓட்டை. எங்கள் வீட்டின் முன்சுவர் பழைய ஒன்பதங்குலச் சுவர், நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் காரை. துளைக்குள் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும் போல்ட்டைத்தான் கடையில் ஃபாஸ்னர் என்பார்கள்; '10 எம்எம் ஃபாஸ்னர்' என்று கேட்டு வாங்கினேன், 10 மி.மீ பிட்டும் வாங்கினேன். ஃபாஸ்னர் ஓட்டைக்குள் போகவே இல்லை. கடைக்காரர் சொன்ன 10 உள்ளே இருக்கும் போல்ட்டின் தடிமன். கூடு தடித்த ராவல் போல்ட் வகையில் 10 மி.மீ போல்ட்டுக்கு 16 மி.மீ துளை வேண்டும். ஒற்றைத் தண்டாக, நுனியில் மட்டும் கிளிப் வைத்த வெட்ஜ் வகையில் 10 மி.மீ போல்ட்டுக்கு 10 மி.மீ துளை, ஆனால் அது கான்கிரீட்டுக்கு மட்டுமே. கடையில் ஒன்றுக்கு இரண்டு முறை கேளுங்கள்: நீங்கள் சொல்கிற அளவு போல்ட்டுக்கா, துளைக்கா, சுவர் செங்கலா கான்கிரீட்டா? நான் அதே துளையைப் பிட்டை ஆட்டி ஆட்டிப் பெரிதாக்கினேன். துளை வாய் அகன்று முட்டை வடிவமாகிவிட்டது. இறுக்கும்போது போல்ட் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்று செங்கலையே பிளந்துகொண்டு வெளியே வந்தது.

இதில் புரிந்துகொண்டது நிறைய. மென்மையான நாட்டுச் செங்கலிலும் ஹாலோ பிளாக்கிலும் அடி வேண்டாம், வெறும் சுழற்சியில் போட்டாலே துளை விழும். அடி போட்டால் உள்ளே செங்கல் நொறுங்கித் துளை கிண்ணம்போல் ஆகிவிடும். செங்கலின் நடுவில் போட வேண்டும், காரை இணைப்பில் போடக் கூடாது. ஆழத்தைப் பூச்சிலிருந்து கணக்கிடக் கூடாது. பூச்சு 12 முதல் 20 மி.மீ வரை இருக்கும், அது பாரம் தாங்காது, செங்கல் தொடங்கும் இடத்திலிருந்துதான் கணக்கு. துளை, போல்ட் இறங்கும் ஆழத்தைவிட 10 மி.மீ கூடுதலாக இருந்தால் தூசி தங்க இடம் கிடைக்கும். ஆழக்கம்பியைப் பக்கவாட்டுக் கைப்பிடியில் பூட்டி அளவு வைத்துக்கொள்ளலாம், அது இல்லையென்றால் பிட்டில் டேப் சுற்றுங்கள். துளைத்தபின் தூசியை ஊதி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊதி எடுக்க வேண்டும். தூசி நிறைந்த துளையில் எந்த போல்ட்டும் முழுப்பிடி பிடிக்காது.

சாய்ப்பு விஷயத்தில் இன்னொன்று. தகரத்தின் எடையை நினைத்து போல்ட் வாங்குகிறோம், ஆனால் கணவாய்க் காற்று தகரத்தை அடியிலிருந்து தூக்கும்போது போல்ட்டைச் சுவரிலிருந்து உருவத்தான் பார்க்கும். பழைய செங்கல் சுவரில் ஃபாஸ்னரை நம்பி இதைத் தொங்கவிடாதீர்கள். துளைக்குள் வலைக்கூடு வைத்துக் கெமிக்கல் ஆங்கர் (போல்ட்டைப் பசை மருந்தால் ஒட்டிப் பிடிக்கவைப்பது) போடலாம். அதைவிட நம்பகமானது எங்கள் பக்கத்து வெல்டர்கள் செய்வது: சுவரை முழுக்கத் துளைத்து, நூல் கம்பியை (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) விட்டு, உள்பக்கம் நாலங்குலச் சதுரப் பிளேட் வைத்து நட்டு போட்டு இறுக்குவது. ஒன்பதங்குலச் சுவர் இருபக்கப் பூச்சோடு 260 மி.மீ வந்துவிடும். 310 மி.மீ நீளப் பிட்டில் வேலை செய்யும் நீளம் 250 தான், ஆகவே 460 மி.மீ நீளப் பிட் வேண்டும். முதலில் 6 மி.மீ பிட்டால் வழி போட்டுக்கொண்டு, பிறகு 12 மி.மீ. செங்கல் கெட்டியாக இருந்து அடி போட வேண்டிவந்தால், மறுபக்கம் வெளிவருவதற்கு ஓரங்குலம் முன்னாலேயே அதை நிறுத்திச் சுழற்சிக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கப் பூச்சு தட்டளவுக்குப் பெயர்ந்து விழும். அறைக்குள் அந்த நேரம் யாரும் இருக்கக் கூடாது.

இரண்டாம் நாள்தான் உயிர் போய்த் திரும்பியது. மின்சார விஷயத்தில் நான் கவனமாகத்தான் இருந்ததாக நினைத்தேன். வீட்டு மெயினையே அணைத்துவிட்டு, பக்கத்தில் மதினி வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துத்தான் மெஷினை ஓட்டினேன். திண்ணை விளக்குக்கு அருகே ஐந்தாவது துளை. பூச்சைத் தாண்டியதும் பிட் பொசுக்கென்று உள்ளே போனது. அடுத்த நொடி இடது கையிலிருந்து தோள்வரை சுண்டி இழுத்தது. மெஷினைப் போட்டுவிட்டு மர பெஞ்சிலிருந்து கீழே விழுந்தேன். காலில் ரப்பர் செருப்பு, நின்றது காய்ந்த மரம், அதனால் பிழைத்தேன். அரைமணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை, அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் வந்த எலக்ட்ரீசியன் பார்த்ததும் கேட்டது இதுதான்: "அண்ணாச்சி, மெயின ஆஃப் பண்ணினா இன்வெர்ட்டர் லைன் செத்துருமா?"

சாகாது. மெயினை அணைத்தால் கரண்ட் போய்விட்டது என்று எண்ணி இன்வெர்ட்டர் தானாகப் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். அதன் லைனில் இருக்கும் விளக்கு, ஃபேன் ஒயர்களில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) காப்பாற்றாது, ஏனென்றால் அந்தக் கரண்ட் அதன் வழியாக வரவே இல்லை. ஆகவே போர்டில் இருக்கும் எம்சிபி பிரேக்கரையும் அணைக்க வேண்டும், இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சையும் அணைக்க வேண்டும். இரண்டையும் அணைத்தபின் அந்த விளக்கைப் போட்டுப் பாருங்கள், எரியக் கூடாது.

சுவருக்குள் ஒயர் பைப் எங்கே ஓடுகிறது என்பதற்குப் பொதுவான கணக்கு உண்டு: ஸ்விட்ச் போர்டிலிருந்து நேர் மேலே சீலிங்குக்கு, போர்டிலிருந்து போர்டுக்குக் கிடையாக, விளக்குப் புள்ளியிலிருந்து நேர் மேலே. இந்தக் கோடுகளிலிருந்து இரண்டு பக்கமும் ஆறங்குலம் தள்ளித்தான் துளை போட வேண்டும். சுவரின் மறுபக்கத்தில் என்ன போர்டு இருக்கிறது என்று உள்ளே போயும் பாருங்கள். ஆனால் பிற்பாடு சேர்த்த ஒயர் எந்தக் கணக்குக்கும் வராது. எங்கள் திண்ணை விளக்கு வீடு கட்டிப் பல வருடம் கழித்துப் போட்டது, சுவரை வெட்டிக் கிடையாக இழுத்துப் பூசிவிட்டார்கள். இதற்குத்தான் சுவருக்குள் ஒயர் காட்டும் டிடெக்டர். அதைப் பயன்படுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு: முதலில் மெயின், விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் தேட வேண்டும். ஸ்விட்ச் அணைந்திருந்தால் அதற்கு அப்பால் இருக்கும் ஒயரில் கரண்ட் இருக்காது, கருவிக்கும் தெரியாது. கண்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அதன் பிறகு எல்லாவற்றையும் அணையுங்கள். மழையில் ஊறிய சுவரில் அந்தக் கருவி எங்கே வைத்தாலும் கத்தும், அப்போது அதை நம்ப முடியாது. சுவர் காயும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

எனக்கு ஷாக் அடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பக்கவாட்டுக் கைப்பிடியைப் பூட்டாமல் பெட்டியிலேயே விட்டுவிட்டு, இடது கையால் மெஷினின் அலுமினியக் கழுத்தைப் பிடித்திருந்தேன். இந்த மெஷின்கள் இரட்டைக் காப்பு உள்ளவை, மேலே சதுரத்துக்குள் சதுரம் என்று முத்திரை இருக்கும், அதனால்தான் இரண்டு பின் பிளக். அந்தக் காப்பு மோட்டாரிலிருந்து வரும் கரண்ட்டுக்கு. பிட் சுவருக்குள் ஒயரைத் தொட்டால் பிட், சக், கழுத்து எல்லாம் சேர்ந்து லைவ் ஆகிவிடும். ரப்பர், பிளாஸ்டிக் போர்த்திய கைப்பிடிகளை மட்டுமே பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எக்ஸ்டென்ஷன் பற்றிச் சுருக்கமாக. 800 வாட் மெஷின் மூன்றரை ஆம்பியர்தான் எடுக்கும், 6 ஆம்பியர் சாக்கெட் போதும். ஆனால் ஒயர் மெல்லியதாக இருக்கக் கூடாது. 1.5 சதுர மி.மீ மூன்று கோர் காப்பர் ஒயர் வாங்குங்கள். ரீலில் சுற்றியபடியே ஓட்டினால் ஒயர் சூடாகி ஒட்டிக்கொள்ளும், முழுக்கப் பிரித்துவிட வேண்டும். இணைப்பு தரையில் கிடக்காமல் ஒரு நாற்காலியின் மேல் இருக்கட்டும். எங்கள் ஊரில் சாரல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அடுத்த வீட்டிலிருந்து கரண்ட் எடுத்தால் அங்கே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பார்த்துவிட்டே பிளக்கைச் செருகுங்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். சட்டம் பாதி தொங்கிக்கொண்டிருந்தது, மேகம் வேறு கூடிவிட்டது, பயத்தோடுதான் மூன்றாம் நாள் மறுபடி ஏறினேன். வாசலுக்கு மேலே லிண்டலில் (உள்ளே கம்பி வைத்த கான்கிரீட் உத்தரம்) ஒரு துளை. இடது கை பிளேட்டைச் சுவரோடு பிடித்திருந்தது, பிளேட்டின் ஓட்டை வழியாகவே பிட்டை விட்டேன், வலது கை மட்டும் மெஷினில். விரல் வலிக்கிறதே என்று ஸ்விட்ச் பக்கத்தில் இருக்கும் லாக் பட்டனை அமுக்கியிருந்தேன். பிட் கம்பியில் மாட்டியது. பிட் நின்றுவிட்டால் மோட்டாரின் வலு முழுவதும் மெஷினின் உடம்பைத் திருப்பும். என் மணிக்கட்டை முறுக்கி எறிந்துவிட்டு, லாக் போட்டிருந்ததால் மெஷின் நிற்காமல் சுவரில் தொங்கியபடியே சுற்றியது. ஒயர் அதன்மேல் சுருண்டு இழுத்துப் பிளக் உருவிக்கொண்ட பிறகுதான் நின்றது. சுளுக்கு என்று நினைத்து நான்கு நாள் எண்ணெய் தேய்த்தேன். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பள்ளத்தில் அழுத்தினால் உயிர் போகிற வலி. அங்கே இருக்கும் ஸ்கேபாய்டு என்ற சிறிய எலும்பில் கீறல். அந்தக் கீறல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், வலி அங்கேயே இருந்தால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். உங்களுக்கு இப்படி நடந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

லாக் பட்டன் உளி வைத்து நெடுநேரம் உடைக்கிறவர்களுக்கானது. துளை போடும்போது அதைத் தொடவே கூடாது, விரலை எடுத்தால் மெஷின் நிற்க வேண்டும். இரண்டு கையும் மெஷினில், பக்கவாட்டுக் கைப்பிடி இறுக்கிப் பூட்டியிருக்க வேண்டும், இடது முழங்கை உடம்பை ஒட்டி. நல்ல மெஷினில் பிட் சிக்கினால் கிளட்ச் கடகடவென்று நழுவும், அந்தச் சத்தம் கேட்டவுடன் விரலை எடுத்துவிட வேண்டும். அது இருக்கிறதே என்று தள்ளிக்கொண்டிருந்தால் கிளட்ச் தேய்ந்துபோகும். ஸ்டூலும் சாய்த்து வைத்த ஏணியும் இந்த வேலைக்கு ஆகாது, உடம்பைத் திருப்பும் விசையை ஒற்றைக் காலில் தாங்க முடியாது. பலகை போட்ட சாரம் கட்டி, துளை மார்பு உயரத்துக்கு வருமாறு நில்லுங்கள். பிளேட்டை வைத்துப் புள்ளி குறித்துவிட்டு, அதை எடுத்துவிட்டுத் துளை போடுங்கள். தொடங்கும்போது மெதுவான வேகத்தில் ஒரு பள்ளம் விழவிட்டு, பிறகு வேகம் கூட்டுங்கள்.

கம்பியில் இடித்தால் எப்படித் தெரியும்? சத்தம் கணீரென்று மாறும், பிட் உள்ளே போவது நின்றுவிடும், வெள்ளைத் தூசிக்குப் பதில் மினுமினுக்கிற இரும்புத்தூள் வரும். அப்போதே நிறுத்திவிட வேண்டும். லிண்டலின் கம்பி வெட்டுப்பட்டால் வீட்டின் பலம்தான் போகும். பக்கத்தில் வேறு துளை போடலாம், ஆனால் கைவிட்ட துளையின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளிப் போடுவது நல்லது, பழையதை வலுவான காரை வைத்து அடைத்துவிடுங்கள். கான்கிரீட் விளிம்பை ஒட்டித் துளை போடாதீர்கள், விரிகிற போல்ட் விளிம்பைப் பிளந்துவிடும். பிட் உள்ளேயே மாட்டிக்கொண்டால் மெஷினோடு பிடித்து ஆட்டாதீர்கள். பிளக்கை உருவி, காலரை இழுத்து மெஷினைக் கழற்றிவிட்டு, பைப் ரெஞ்சால் பிட்டின் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும். சூடான பிட்டைத் தண்ணீரில் முக்கக் கூடாது, நுனியில் பற்றவைத்த கார்பைடு விரிசல் விட்டுக் கழன்றுவிடும். கம்பி அதிகம் இருக்கும் இடத்துக்கு இரண்டு வெட்டு நுனியைவிட நான்கு வெட்டு நுனிப் பிட் நல்லது, சிக்குவது குறையும்.

உடுப்பு விஷயத்தில் நம் ஆட்கள் செய்வதைப் பார்த்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. கைலியை மடித்துக் கட்டி, கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மெஷினைப் பிடிக்கிறார்கள். துண்டின் நுனி பிட்டில் சுற்றினால் கழுத்துத்தான் போகும். பேண்ட், இறுக்கமான சட்டை, கையில் கயிறோ மோதிரமோ வேண்டாம். கண்ணாடி கட்டாயம். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை விட்டுப் போகாது, அதற்குத் துண்டு போதாது, என்95 முகமூடி வேண்டும். காதுக்குப் பஞ்சும் போதாது, நுரை அடைப்பான் வைக்க வேண்டும். தலைக்கு மேலே துளைக்கும்போது பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் கோத்துக்கொண்டால் தூசி முகத்தில் கொட்டாது.

ஆவணி முதல் வாரம் மாவுக்கட்டு பிரித்தார்கள். அதற்குள் அந்த வருடச் சாரல் பாதி போய்விட்டது. பிறகு எலக்ட்ரீசியனும் வெல்டரும் கூட இருக்க, செங்கல் சுவரில் எல்லாவற்றையும் சுவரூடே போகும் போல்ட்டாக மாற்றி, லிண்டலில் கம்பி இல்லாத இடம் பார்த்து வெட்ஜ் ஆங்கர் போட்டு முடித்தோம். மூன்று பேராக இரண்டரை மணி நேர வேலை. ஒருவர் மெஷினைப் பிடிக்க, ஒருவர் பிளக் அருகே நிற்க, ஒருவர் உள்ளே அறையைப் பார்த்துக்கொண்டார். திண்ணை விளக்கின் ஒயர் எங்கே ஓடுகிறது என்று சுவரில் அளவோடு குறித்துப் படம் எடுத்து, அந்தத் தாளை மெஷின் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.